பின்சீட்டு

வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னபோது, அந்த டாக்டரம்மா தன்னிடம் ஏதோ விளையாடுகிறார் என்றுதான் ஜெயபாண்டி நினைத்தான். ஒரு நிமிடம் முன்புவரை, இடது கண்ணை மூடியபோது, பலகையின் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்திருந்தான்.

"பலகைய மாத்திட்டீங்களா மேடம்? வெறும் வெள்ளையால்ல இருக்கு."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "மாத்தலீங்க. அதே பலகைதான்."

கையை எடுத்துப் பார்த்தான். எழுத்துகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. மறுபடி மூடினான். பால் சிந்தித் துடைத்த தரைபோல ஒரு மங்கல், நடுவில் ஏதோ அழுக்கு. எடுத்தான், மூடினான், எடுத்தான். டாக்டர் எழுந்து வந்து அவன் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி எத்தனை விரல் என்று கேட்டார். மூன்று என்றான், குத்துமதிப்பாக. சரியா தப்பா என்று அவர் சொல்லவில்லை. கையை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். இன்னும் கிட்டே. மூக்கருகே வந்த பிறகுதான் அது விரல் என்றே அவனுக்குத் தெரிந்தது.

"இத்தன வருசமா தெரியலையா உங்களுக்கு?"

"ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுத்தான மேடம் எல்லாத்தையும் பாக்குறோம்?" என்றான். சொன்ன பிறகு, தான் ஏதோ மன்னிப்புக் கேட்டதுபோல இருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார். கண்ணில் வெளியே ஒரு குறையும் தெரியாது. சின்ன வயதிலேயே அந்தக் கண்ணில் பார்வை மங்கலாக இருந்திருக்கிறது. மூளை நல்ல கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கைவிட்டுவிட்டது. ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் கிட்டம் தூரம் சரியாகப் பிடிபடும். "தடுக்கி விழுறது, கை நீட்டுனா பொருளு தப்பிப் போறது, இதெல்லாம் உண்டா உங்களுக்கு?"

உண்டா என்றா கேட்கிறார்? அதுதானே அவன்.

நாகமலை புதுக்கோட்டையில் அவன் குடியிருக்கும் தெருவில் அவனுக்குப் பெயரே பின்சீட்டு. மனைவி சுபலட்சுமி ஸ்கூட்டர் ஓட்ட, தல்லாகுளத்தில் அவன் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் ஆபீஸ்வரை பின்னால் உட்கார்ந்து போய் இறங்குவான். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பொண்டாட்டி பின்னால் போவதைக் காளவாசல் சிக்னலில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவனுக்கு அது பழகியும் இருந்தது, பழகாமலும் இருந்தது. இப்போது பேங்கில் வேலை பார்க்கும் அவளுக்கு மேலூர் கிளைக்கு மாற்றல் வந்துவிட்டது. ஸ்கூட்டர் அவளோடு போய்விடும். ஒரு நாள் இரவு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "நான் வண்டி பழகுறேன். கியர் வண்டி" என்றான். அவள் சிரிக்கவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

ஷோரூமில் வண்டி பார்க்க மச்சினன் அருள்பாண்டிதான் கூட வந்தான். அவன் நூற்றைம்பது சிசிக்குக் கீழே பார்க்கவே கூடாது என்றான். ஜெயபாண்டி ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தான். கனமான வண்டிகளில் கால் நுனிதான் தரையில் பட்டது. கடைசியில் ஓரமாக நின்ற நூறு சிசி ஒன்றில், கறுப்பில் நீலக்கோடு போட்டது, உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கிளட்ச் கைக்கு அடங்கியது. "இது பால்காரர் வண்டி மச்சான்" என்றான் அருள்பாண்டி. "பரவால்ல மாப்ள. விழுந்தா நானே தூக்கிருவேன்" என்று சொல்லி அதையே முன்பதிவு செய்துவிட்டு வந்தான். தினமும் காலையில் மச்சினனின் பழைய வண்டியில் மைதானத்தில் பழகினான். கிளட்ச் சீக்கிரமே பிடிபட்டது. பிரேக்தான் வரவில்லை. எட்டத்தில் இருக்கும் கோல்போஸ்ட்டுக்குப் பயந்து இங்கேயே நின்றுவிடுவான், இல்லையென்றால் அதில் போய் முட்டுவான்.

நாற்பது தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்று வேண்டும் என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "நீங்க அலைய வேணாம் சார், போட்டோ மட்டும் குடுங்க, டாக்டர் கையெழுத்த நாங்க வாங்கிருவோம்." எத்தனையோ வருடங்களாக விபத்து வழக்கு மனுக்களைத் தட்டச்சு செய்த விரல்கள் அவனுடையவை. முதல் லைசென்ஸ், நேர் வழியில் எடுப்போம் என்று தானாகவே இந்த டாக்டரைத் தேடி வந்திருந்தான்.

"நான் இப்ப இதுல கையெழுத்துப் போட முடியாது" என்றார் டாக்டர். "கண்ணாஸ்பத்திரில முழுசா டெஸ்ட் எடுங்க. ஒத்தக் கண்ணோட ஓட்டலாமா, கூடாதான்னு அவங்க பாத்துச் சொல்லட்டும்." பிறகு தயங்கி, "அஞ்சாறு வயசுலயே கவனிச்சிருந்தா சரி பண்ணிருக்கலாம். உங்க மேல தப்பில்ல" என்றார்.

வெளியே மச்சினன் வண்டியோடு நின்றான். விஷயத்தைக் கேட்டான். ஜெயபாண்டியின் கண்ணையே மாறி மாறிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருக்குத் தெரியப்போகுது மச்சான்? அந்த ஸ்கூல்காரன்கிட்டயே விட்டுருவோம், நாளைக்கே சீட்டு வந்துரும்" என்றான்.

"வேணாம் மாப்ள. ஷோரூம்ல அந்த வண்டிய மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொல்லு."

வரும் வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து வலது கண்ணை மூடுவதும் திறப்பதுமாக வந்தான். பஸ்கள் கரைந்தன, மீண்டன. அவனைத் திகைக்க வைத்தது கண் அல்ல. பதினாலு வயதில் சைக்கிளில் போய், நின்றிருந்த மாட்டுவண்டியில் மோதியபோது அப்பா விருமாண்டி புளிய விளாறால் அடித்தார். பதினேழில் அவருடைய டிவிஎஸ் ஐம்பதை உரமூட்டையோடு வாய்க்காலில் இறக்கியபோது டீக்கடையில் அத்தனை பேர் முன்னால், "பயந்தாங்கொள்ளிப் பய, பொட்டச்சி பின்னால உக்காரத்தான் லாயக்கு" என்றார். அதை அவன் நம்பினான். தான் கோழை என்பதை நிறத்தைப்போல, உயரத்தைப்போல ஏற்றுக்கொண்டு, அதற்குத் தக்க வேலை, தக்க பேச்சு, தக்க நடை என்று ஒரு ஆளாக ஆகியிருந்தான். அந்த மாட்டுவண்டியைக் கண்டு அவன் பயந்திருக்கவே இல்லை. அது இன்னும் தள்ளி நிற்கிறது என்றுதான் நினைத்தான். அப்படியென்றால் இத்தனை காலம் இந்தச் சட்டைக்குள் இருந்தது யார்?

சாயங்காலம் சுபலட்சுமி வந்ததும் சொன்னான். அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அப்படியே நின்றாள். "படியப் பாத்து இறங்குங்கன்னு எம்புட்டு வாட்டி எரிஞ்சு விழுந்திருக்கேன்" என்றாள். பிறகு, "மாமாகிட்ட சொல்லணும். இப்பவே" என்று சாவியை எடுத்தாள்.

கீழக்குயில்குடியில் விருமாண்டி பம்புசெட்டை நிறுத்திவிட்டு வயலோரம் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். சுபலட்சுமி ரோட்டிலேயே நின்றுகொண்டாள். ஜெயபாண்டி கோபமாகப் பேசத்தான் வந்தான். அவரைப் பார்த்ததும் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான்.

"எந்தக் கண்ணு?" என்றார்.

"இடது."

"நல்லாத்தானடா இருக்கு." கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "மத்த கண்ண மூடு. வலத. இது எத்தன வெரலு?"

"தெரியலப்பா."

"வெளாடாத. எத்தன?"

"தெரியல."

உயர்த்திய கை அப்படியே நின்றது. அதை இறக்க அவருக்குத் தோன்றவில்லை.

"ஒங்கம்மா ஒண்ணும் சொல்லலையே."

"அம்மாவுக்கு எங்க தெரியும். எனக்கே தெரியாது."

"சின்னதுல பாத்திருந்தா?"

சொல்லக் கூடாது என்று வரும்போதே நினைத்திருந்தான். "சரியாயிருக்குமாம்" என்றான்.

விருமாண்டி துண்டை எடுத்து உதறினார், தோளில் போட்டார், மறுபடி எடுத்து உதறினார். "நீ கெளம்பு. அந்தப் புள்ள ரோட்டுல நிக்கிது" என்றார். ஜெயபாண்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவர் அவன் பக்கம் திரும்பவில்லை.

ரோட்டில் ஏறி, ஸ்கூட்டர் நகர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான். சமணர் மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. வயல் நடுவே வரப்பில் அப்பா நடந்து போனார். ஐம்பது வருடமாக, தலையில் சுமையோடும் இருட்டிலும் அவர் நடந்த வரப்பு. இடது உள்ளங்கையை இடது கண்மீது அழுத்தி வைத்திருந்தார். ஒரு அடி, இன்னொரு அடி. கால் வழுக்கிச் சேற்றில் இறங்கியது.

"கொஞ்சம் நிறுத்து" என்றான் ஜெயபாண்டி.

அவர் கணுக்கால்வரை சேற்றில் நின்றார். மறு கையால் வரப்பைத் துழாவிப் பிடித்து மேலே ஏறினார். கண்ணிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.