கம்பிக்குக் கீழே பதினோராவது இலை

மாவடியேந்தல் பெரிய வீட்டில் செத்துப்போன பத்துப் பேர், இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, எண்ணூறு கிலோவோல்ட் மின்கம்பிக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்ததை ஊரார் எல்லாரும் பார்த்தார்கள். மேல்காற்று பலமாக அடித்தது. செம்மண் தூசி அன்று அதிகம். வீட்டுத் தலைவர் வீரபாண்டியன் முதல் இலைக்கு எதிரே கைகூப்பி நின்றிருந்தார். அவருடைய தாத்தா சேதுபதியின் மடித்த முழங்காலில் முதலில் தூசி படிந்தது, பிறகு மார்பில், கடைசியாக மீசையில். உருவம் முழுதாகத் தெரிந்ததும் வீரபாண்டியன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வழக்கம்போல இலைகளுக்குச் சோறு பரிமாறச் சொன்னார்.

அந்த இடம் பெரிய வீட்டாரின் படைப்புத் திடல். வருடத்துக்கு ஒருநாள் இறந்தவர்களுக்கு ஆளுக்கு ஓர் இலை போட்டு, ஆணுக்கு வேட்டியும் பெண்ணுக்குச் சேலையும் வைத்துக் கும்பிடுவார்கள். மின்பாதை அளக்க வந்தவர்கள், ஒரு மனு எழுதிக் கொடுத்தால் கம்பியை இருநூறு மீட்டர் கிழக்கே தள்ளிவிடலாம் என்று சொன்னார்கள். பெரிய வீட்டுக்கு மனு கொண்டுவந்தவர்கள் உண்டே தவிர, பெரிய வீட்டிலிருந்து மனு போனதில்லை. வீரபாண்டியன் எழுதவில்லை. இரண்டு வருடத்தில் திடலின் இருபுறமும் கோபுரங்கள் நின்றன, நடுவே தலைக்கு மேல் இரண்டு கற்றைக் கம்பிகள் ஓடின. உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே குழல்விளக்கு தானே எரியும் என்று கேள்விப்பட்டவர்கள் விளக்கைக் கொண்டுபோய்ப் பிடித்தார்கள், எரியவில்லை. பாதையைப் பார்வையிட வரும் பொறியாளர் ஆதித்தன் காரணம் சொன்னார். வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை போய்ப் போய்த் திரும்பும். இது நேர்மின்சாரம், ஒரே திசையில் போவது, திரும்பாது. ஆயிரம் மைல் தூரம் அதிகம் விரயமாகாமல் போவதற்கு இதுதான் வழி. இதன் கீழே காற்றே மின்னேறி நிற்கும், மிதக்கும் தூசியும் மின்னேறி, எதிர்ப்படுகிற எதன்மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். உயிர் இருக்கிறதா இல்லையா என்று தூசி பார்ப்பதில்லை. பத்துப் பேரும் ஊரார் கண்ணில் பட்டது இப்படித்தான்.

ஆனால் அன்று போட்டிருந்த இலை பதினொன்று.

பதினோராவது இலை வீரபாண்டியனின் ஒரே மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு. ஏழு வருடத்துக்கு முன் அவள் ஆசாரி வீட்டுக் கோபிநாத்தைக் கல்யாணம் செய்துகொண்டு காரைக்குடிக்குப் போய்விட்டாள். அவளை முறைமாப்பிள்ளையான தேவாவுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். செய்தி வந்த அன்றே வீரபாண்டியன் ஊருணியில் தலைமுழுகினார். பதினாறாம் நாள் கருமாதி செய்தார், அந்த ஆடியிலிருந்து இலையும் போட்டார். உயிரோடு இருப்பவளுக்குச் செத்தவர் பந்தியில் இலை போடுவது சரியா என்று கேட்ட புரோகிதரிடம், தம் வரையில் அவள் செத்துவிட்டாள், தாம் சொன்னால் சொன்னதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரும் அதை ஒப்புக்கொண்டது. பெரிய வீட்டின் மானம் அந்த இலையில் நின்றது.

இப்போது பத்து இலைகளுக்கு முன்னால் ஆள் இருந்தது, பதினோராவதற்கு முன்னால் வெறும் தரைதான் இருந்தது. தூசி அங்கே வந்து பார்த்துவிட்டு விலகிப் போயிற்று. கூட்டத்தின் பின்னால் நின்ற தேவா, எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"என்ன மாமா, அம்புட்டுப் பேரும் பந்தியில உக்காந்துட்டாக. ஒங்க மகளுக்கு மட்டும் பஸ்சு கெடைக்கலையா?"

சிலர் சிரித்தார்கள். பெரிய வீட்டுப் படைப்பில் யாரும் சிரித்தது அதுவே முதல் தடவை. வீரபாண்டியன் திரும்பிப் பார்க்கவில்லை. காற்று நின்றதும் தூசி உதிர்ந்தது, பத்துப் பேரும் கண்ணிலிருந்து மறைந்தார்கள். அடுத்த வருடமும் அப்படியே நடந்தது. பள்ளத்தூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். பத்துப் பேரின் கண்களும் இலையைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. கிட்டே போனால் கையிலுள்ள ரோமம் குத்திட்டு நிற்கும், கம்பி மேலே ஓயாமல் சீறும். வந்தவர்கள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, கடைசியில் வெறும் இலைக்கு வந்துதான் நின்றார்கள்.

வீரபாண்டியனின் மனைவி பொன்னுத்தாயி ஏழு வருடமாகப் படைப்புக்கு வந்ததே இல்லை. இலை வெறுமையாக இருந்தது என்று கேட்ட பிறகு இரண்டாம் வருடம் முதல் ஆளாக வந்தாள். பதினோராவது இலைக்கு எதிரே உட்கார்ந்து, அங்கே ஒன்றுமில்லாததைக் கண் நிறையப் பார்த்துவிட்டு எழுந்தாள். மகளிடமிருந்து அவளுக்கு வந்த கடிதம் அதுதான். புருஷனும் பெண்சாதியும் ஒரே இலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது காலியாகவே இருக்க வேண்டும் என்று அவள் வேண்டினாள். அது நிரம்ப வேண்டும் என்று அவர் வேண்டினார். அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் வேண்டினார்.

மூன்றாம் வருடம் பதினோராவது இலைக்கு முன்னால் தூசி படியத் தொடங்கியது.

முதலில் பாதங்கள் தெரிந்தன. இடது கால் சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருந்தது. ஐந்து வயதில் உலக்கை விழுந்து மடங்கிய விரல் அது. பிறகு சம்மணமிட்ட முழங்கால்கள், சேலை மடிப்பு. பிறகு வயிறு தெரிந்தது, அது நிறைமாத வயிறாக இருந்தது. தூசி அவசரப்படாமல், மண்சுவர் எழும்புவது போல விரல் விரலாக ஏறி மார்புக்கு வந்தது. இன்னும் கழுத்தும் முகமும்தான் பாக்கி. பொன்னுத்தாயி அழவில்லை. வீரபாண்டியனைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க நெனச்சது நடக்குது. நல்லாப் பாத்துக்கங்க."

அவர் பார்த்தார். கழுத்தில் தூசி ஏறிக்கொண்டிருந்தது. அறுபத்தெட்டு வயதில் ஒருவரிடமும் எதையும் கேட்டிராத மனிதர், தோள் துண்டை எடுத்துத் தரையில் போட்டார். உயிரோடு இருப்பவர்கள் தாண்டக்கூடாத சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய், பதினோராவது இலைக்கு முன்னால் குனிந்தார்.

"எந்திரி தாயி. இது எனக்குப் போட்ட எலை."

சொல்லிவிட்டு அந்த உருவத்தின் மேலேயே உட்கார்ந்தார். உருவம் சரிந்து, காற்றில் ஒருமுறை சுழன்று, அவர் காலிலிருந்து தலை வரை படிந்தது. அன்று மாவடியேந்தலில் பதினோரு பேர் பந்தியில் இருந்தார்கள்.

காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில், பிரசவத்தில் நின்றுபோன கிருஷ்ணப்ரியாவின் மூச்சு பன்னிரண்டு நாற்பதுக்குத் திரும்பி வந்தது என்றும், பெண் குழந்தை என்றும் சாயங்காலம் செய்தி வந்தது. காற்று நின்று மற்றப் பத்துப் பேரின் தூசியும் உதிர்ந்த பிறகு, வீரபாண்டியனின் தூசி மட்டும் உதிரவில்லை. ஊருணியில் முங்கினார், சீயக்காய் தேய்த்தார்கள், போகவில்லை. உட்கார்ந்த இடத்திலோ படுத்த பாயிலோ கறை படியவும் இல்லை. செத்தவர் பந்தியில் உட்கார்ந்தவன் கோயிலில் முதல் மரியாதை வாங்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். யாரும் சொல்வதற்கு முன் தாமே போய் விலகிக்கொண்டார். நான்கு தலைமுறையாகப் பெரிய வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பரிவட்டம் தேவாவின் வீட்டுக்குப் போயிற்று. செம்மண் நிறத்தில், முதுகு வளையாமல், முன்போலவே தெருவில் நடந்தார்.

அடுத்த ஆடியில் கிருஷ்ணப்ரியா கைக்குழந்தையோடும் கோபிநாத்தோடும் வந்து கோட்டுக்கு வெளியே நின்றாள். வீரபாண்டியன், ஊரார் அவருக்கென்று போட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் தலையைத் தூக்குவதைப் பார்த்ததும் தேவா முன்னால் வந்தான்.

"தண்ணி தெளிச்சு விட்டவளோட பேசப் போறீகளா மாமா? அப்ப, சொன்ன சொல்லு?"

"சொன்ன சொல்லு அப்படியேதான்டா இருக்கு. அவளுக்குக் கருமாதி செஞ்சவன் நான். எனக்கு எலை போட்டது நீங்க. செத்தவுக ரெண்டு பேரு பேசிக்கிட்டா ஒனக்கு என்னடா வந்துச்சு?"

வழக்கம் தெரிந்த பெரியவர்கள் நாலு பேர் கூடி யோசித்துப் பார்த்தார்கள், அதில் குற்றம் எதுவும் தென்படவில்லை. வீரபாண்டியன் மகளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டார். கீர்த்தி என்றாள். அவர் செம்மண் விரலைக் குழந்தை பிடித்துக்கொண்டது. கோபிநாத் உயிரோடு இருப்பவர் என்பதால் அவரோடு பேச வழக்கத்தில் இடமில்லை. ஆனால் அவருக்கும் சாப்பாடு போடும்படி பொன்னுத்தாயியிடம் பொதுவாகச் சொல்லப்பட்டது. பொன்னுத்தாயி சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அப்பனும் மகளும் செத்தவுகளாம். ஆக்கிக் கொட்டுறதுக்கு மட்டும் நான் ஒருத்தி உசுரோட இருக்கணுமாம்" என்று முணுமுணுத்தபடி பரிமாறினாள்.

ஆடி மூன்றாம் வெள்ளியில் இப்போது பன்னிரண்டு இலை விழுகிறது, கடைசி இரண்டும் அப்பனுக்கும் மகளுக்கும். பத்து இலைகளில் சோறு வைத்தபடியே இருக்கும், இரண்டு இலைகளில் குறையும். வெறும் இலை ஏதும் இல்லாததால், பார்க்க வெளியூரிலிருந்து யாரும் வருவதில்லை.