குளிராத படிகம்

கடைசிப் படிகமாவது ஒழுங்காகப் பிளக்க வேண்டுமே என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை. முன்னால் வைத்த இரண்டும் பசையோடு பெயர்ந்து, காற்று உறிஞ்சப்பட்ட எஃகுக் கலத்தின் அடியில் விழுந்து தொலைந்திருந்தன. உள்ளே கைவிட்டுத் தேடவா முடியும்?

"தட்டட்டுமாக்கா?" என்றான் தம்பி.

"தட்டு. என்னைக் கேக்காத."

அவன் நீளக் கம்பியைத் தள்ளினான். படிகத்தின் தலையில் ஒட்டியிருந்த பீங்கான் குச்சி, மேல்தோலை மட்டும் உரித்துக்கொண்டு விழுந்தது. அடியில் புதுமுகம் கண்ணாடி போல மின்னியது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தப் படிகங்களை வளர்த்தவன் தம்பிதான். உலை வெடித்துவிட்டதால் இனி ஒன்று வளர்க்க வழியில்லை. அவளுடைய ஆய்வு வேலையும் இந்த மாதத்தோடு முடிகிறது. இந்தப் படிகத்தின் எலக்ட்ரான்களை ஒரு நல்ல படமாகப் பிடித்தால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அவள் அடித்துச் சொல்லிவந்தது இதுதான்: இந்த அரை உலோகப் படிகத்தைக் குளிர வைத்தால் எலக்ட்ரான்கள் அங்கங்கே கூடியும் கலைந்தும் அலையாக நிற்கும். அந்த அலை, எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகளைப் பல இடங்களில் அறுத்து இடைவெளி உண்டாக்கும். ஆனால் இரண்டு பட்டைகள் கத்தரிக்கோல் போலக் குறுக்கிடும் அந்த ஒரு புள்ளியை மட்டும் அதனால் அறுக்க முடியாது; படிகத்தின் ஒழுங்கமைப்பே அதைக் காத்து நிற்கும். சொன்னால் போதுமா? காட்ட வேண்டும்.

"மத்தியானம் கதிரை நிறுத்திடுவாங்கம்மா," என்றார், படிகத்தின் மேல் பாய்ச்சும் ஒளிக்கதிரைத் தரும் கதிர்க்கூடத்தின் இயக்குநர். மிச்ச நேரத்தைச் சொல்வதைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்பதால் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். "பழுது பார்க்கப் போறாங்க. அப்புறம் குட்டிக்கரணம் போட்டாலும் ஒரு வருஷத்துக்கு வெளிச்சம் வராது."

"காலையிலேர்ந்து இதையேதானே சொல்றீங்க?"

"நேரம் குறைஞ்சுக்கிட்டே போகுதே, நான் என்ன பண்ண?"

கதிர் பட்டதும் படிகத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பின. திரையில் கத்தரிக்கோல் தெரிந்தது. குளிரூட்டியை முழுதாகத் திறந்தார்கள். வெப்பமானியின் எண் இறங்கிக்கொண்டே போய் அடிமட்டத்தில் நின்றது. பட்டைகள் மட்டும் அசையவில்லை. ஓர் இடத்திலும் அறுபடவில்லை.

"அலையே வரலக்கா," என்றான் தம்பி. "பேசாம அப்படியே எழுதிடு. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

ஒரு கணம் அவள் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. எழுதிவிடலாம், வேலையும் நீளும். அப்போதுதான் படத்தின் மேல் ஓரம் கண்ணில் பட்டது. எலக்ட்ரான்கள் நிரம்பி முடியும் விளிம்பு அது. நல்ல குளிரில் கத்தியால் நறுக்கியது போல இருக்க வேண்டும். இதுவோ ஈரத்தாளில் மை ஊறியது போலக் கலங்கிக் கிடந்தது.



"படிகம் குளிரவே இல்லடா."

"வெப்பமானி காட்டுதே?"

"அது அடியில இருக்கிற செப்புத் தட்டோட குளிரு. இதுவும் பெயர்ந்துடுமோங்கிற பயத்துல, வெள்ளிப் பசைக்குப் பதிலா அந்தக் கெட்டிப் பசையை அப்பிட்டேன். மின்சாரம் போக ஓரத்துல மட்டும் வெள்ளியைக் கோடா இழுத்துவிட்டேன்."

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். "படிகத்துக்குக் கம்பளி போத்திவிட்டிருக்கியேக்கா!"

கலத்தைத் திறந்து மறுபடி ஒட்ட நேரமில்லை. காற்றுப் பட்டால் அந்தப் புதுமுகமும் கெட்டுவிடும். அவள் பித்துப் பிடித்தவள் போல அறைக்குள் நடந்தாள். சட்டென்று நின்றாள். "படிகத்தைச் சுத்தியிருக்கிற குளிர்கவசத்தோட கதவைச் சாத்து. வெளிச்சூடு உள்ள போகாது. நல்லாக் குளிரட்டும். கதிரை உள்ள விடத் திறந்த உடனே, சூடேறுறதுக்குள்ள படத்தை எடுத்துடலாம்."

சாத்தினார்கள். காத்திருந்தார்கள். திறந்தார்கள்.

திரையில் முதலில் புழுதி போல வெறும் புள்ளிகள். பிறகு, புழுதிக்குள் பட்டைகள் அறுந்து தெரிந்தன! நடுவில், கத்தரிக்கோலின் ஆணி இருக்கும் இடத்தில், ஒரு வெளிச்சம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடேறி, அறுந்ததெல்லாம் மறுபடி ஒட்டிக்கொண்டது.

"பாத்தேன்! நான் பாத்தேன்க்கா!"

"இது போதாது. இன்னும் நிறைய எடுத்து ஒண்ணுமேல ஒண்ணு சேர்த்தாத்தான் தெளியும். சாத்து."

சாத்தித் திறந்தார்கள். மறுபடி சாத்தினார்கள். அடுத்து கதவு திறந்தபோது திரை கறுப்பாகவே இருந்தது.

மத்தியானம் ஆகியிருந்தது; கதிரை நிறுத்திவிட்டார்கள்.

சேர்த்த படத்தில் நடுப்புள்ளி வெளிச்சமா புழுதியா என்று அவளாலேயே சத்தியம் பண்ண முடியவில்லை.

"நமக்குத் தெரியுதுல்லக்கா?" என்றான் தம்பி.

"நமக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

கலத்தைத் திறந்ததும் தட்டை வெளியே எடுத்தாள். படிகத்தின் புதுமுகம் அதற்குள் மங்கியிருந்தது. படிகத்தை நகத்தால் நெம்பினாள். இடுக்கியால் நெம்பினாள். அசையவில்லை.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கும்மா," என்றார் கடிகாரம், ஆறுதலாக.

அவள் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. நெம்பிக்கொண்டே இருந்தாள்.