அண்டை வீட்டாருடன் தகராறு உண்டா?

1

இந்தக் கதை எனக்குக் காலியாக விடப்பட்ட இரண்டு கட்டங்களிலிருந்து கிடைத்தது. திருடினேன் என்றும் சொல்லலாம்.

இங்கிலாந்தில், பிளாக்பூல் என்கிற கடலோர ஊரில், டிராம் பாதைக்கு இரண்டு தெரு பின்னால், வீடு விற்பவர்களுக்குப் பத்திர வேலை பார்க்கும் ஒரு வக்கீல் ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். விற்கிற எவரும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். வேலி யாருடையது, கூரை எப்போது மாற்றியது, வெள்ளம் வந்ததுண்டா என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருப்பார்கள். அதில் இரண்டாம் பகுதி, முதல் கேள்வி: இந்த வீடு பற்றியோ அண்டை வீடு பற்றியோ தகராறு, புகார் ஏதும் உண்டா? எதிரே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

'ஆம்' என்று போட்டால் வாங்க வந்தவர் தலைதெறிக்க ஓடிவிடுவார். இருப்பதை மறைத்து 'இல்லை' என்று போட்டால் வாங்கியவர் பின்னாளில் கோர்ட்டுக்கு இழுப்பார். அதனால் இந்த ஊரில் வீட்டை விற்க நினைப்பவர்கள் இரண்டு வருஷம் முன்பே வாயைத் தைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு நாய் கடித்தால்கூட, நல்ல நாய் என்று தடவிக்கொடுத்துவிட்டு வருவார்கள்.

போன மார்ச்சில் ஒரு படிவம் வந்தது. எல்லாக் கேள்விக்கும் நீல மையில் நேர்த்தியான பதில். இந்தக் கேள்விக்கு மட்டும் இரண்டு கட்டமும் காலி. உற்றுப் பார்த்தால், இரண்டிலுமே பென்சிலால் டிக் போட்டு ரப்பரால் அழித்த தடம் இருந்தது.

அந்தத் தடம், கோப்பிலிருந்த ஒரு கடிதத்தின் நகல், படிவத்தைக் கொண்டுவந்த அம்மாள் என் மேஜை முன் நின்று சொன்ன இரண்டே வரி. என் கையிருப்பு இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. பெயர்களையும் மாற்றிவிட்டேன், மாற்றாவிட்டால் எனக்கு வேலை போய்விடும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

கிளெனிஸ் ஹார்ட்ஷார்ன் ஜன்னலோரம் நின்று கடலைப் பார்த்தபடி—

வேண்டாம். அவள் ஜன்னலிலிருந்து தெரிவது பின்சந்தும் ஏழு குப்பைத் தொட்டிகளும். கடல் தெரிந்திருந்தால் அந்த ஃபிளாட் என்றோ விலைபோயிருக்கும்.

இரண்டாம் முயற்சி:

தனிமை என்பது—

ஐயோ, இது அதைவிட மோசம். இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

மூன்றாவதை வைத்துக்கொள்வோம்:

உருளைக்கிழங்கு வெந்ததா என்று பார்க்க கிளெனிஸுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல்மாடியில் ரோலண்ட் என்ட்விசில் ஆடத் தொடங்குவார். பாட்டு கிடையாது, வாயால்தான் எண்ணுவார், ஒன்று, இரண்டு, மூன்று. முதலில் மெதுவாக வால்ட்ஸ் என்கிற ஜோடி ஆட்டம். பிறகு கொஞ்சம் ஓய்வு. அடுத்த வேக ஆட்டத்துக்கு அவர் கால் எடுத்து வைக்கும்போது அடுப்பை அணைத்தால் கிழங்கு பதமாக இருக்கும்.

கிளெனிஸுக்கு வயது அறுபத்து மூன்று. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் பிள்ளைகளின் தட்டில் மசித்த கிழங்கும் குழம்பும் போட்டு ஓய்வு பெற்றவள். கணவன் ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் போனான், இன்னும் விடுமுறையில்தான் இருக்கிறான், இன்னொருத்தியோடு. ரோலண்ட் எழுபதைத் தொடப்போகிறவர், டிராம் ஓட்டியவர். அவரும் மனைவியும் இந்த ஊர் ஆட்டக்கூடத்தில் நாற்பது வருஷம் ஜோடியாக ஆடியவர்கள். மனைவி போனதும் இந்த மாடிக்கு வந்தார். வேறு எவளோடும் ஆடவில்லை. தரையிலிருந்த கம்பளத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, வெறும் பலகைமேல், ஷூ போட்ட காலோடு தனியாக ஆடினார்.

(என் கதைகளை முதலில் படிக்கும் தண்டனை என் மனைவிக்கு. இந்த இடத்தில் நிறுத்தினாள். "பெண்டாட்டி செத்துட்டா, மனுஷன் தனியா ஆடறாரா? ரொம்ப அழகா இருக்கு. நம்பத்தான் முடியல." சரி, அழகைக் குறைக்கிறேன். ரோலண்ட் ஆடும்போது இருமுவார். கால் தப்பினால் கெட்ட வார்த்தை சொல்வார். அதுவும் கீழே கேட்கும்.)

3

கிளெனிஸ் முதல் நாளே அதை ரசித்தாள் என்று எழுதினால் அது பச்சைப் பொய். தலைக்கு மேல் திம் திம்மென்று ஒரு மணி நேரம். எந்த மனுஷிக்குத்தான் பொறுக்கும்? ஒரு வருஷம் பல்லைக் கடித்தாள். பிறகு கட்டட நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டாள். அந்த நகல்தான் எங்கள் கோப்பில் இருப்பது, ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியோடு:

"வீட்டுப் பத்திரப்படி எல்லா வீட்டிலும் தரையில் கம்பளம் இருக்க வேண்டும். மேல்வீட்டுக்காரர் தினமும் ஆறு முதல் ஏழு வரை வெறும் பலகையில் நடக்கிறார். ஆடுகிறார் என்று நினைக்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எழுதியிருக்கத் தேவையே இல்லை. அதற்காகத்தான் அவள்மேல் எனக்குப் பிரியம் வந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நிர்வாகம் எச்சரிக்கை அனுப்பியது, ரோலண்ட் கம்பளம் விரித்தார், மூன்று வாரம் மூச்சுப் பேச்சில்லை. அந்த மூன்று வாரத்தில் கிளெனிஸ் இரண்டு பாத்திரங்களைக் கருக்கினாள். ஆறு மணியானால் கரண்டியும் கையுமாக மேலே பார்த்துக்கொண்டு நிற்பாள். நாலாவது வாரம், குப்பை எடுக்கும் நாளில், பின்சந்தில் அவரைப் பிடித்தாள்.

"மிஸ்டர் என்ட்விசில், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"சத்தமே காணோமே."

அவர் தொட்டி மூடியைப் பிடித்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதிப் போட்டது நீங்கதானே, மிஸஸ் ஹார்ட்ஷார்ன்?"

"நான்தான். ஆனா ஆறுலேருந்து ஏழு வரைக்கும்னா பரவாயில்ல. எனக்கு அது சமைக்கற நேரம்."

"உங்க சமையலுக்கும் என் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கு. விடுங்க."

மறுநாள் காலை அந்தக் கம்பளம் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் சுருட்டிக் கிடந்தது.*

* புகாரை அவள் வாபஸ் வாங்கவில்லை. வாபஸ் வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்த ஊர்க்காரர்கள் செய்யும் தப்பு இதுதான்: மனசு மாறினால் காகிதமும் தானாக மாறிவிடும் என்று நினைப்பார்கள்.

ரோலண்ட் ஊரையே 'கண்ணு' என்று கூப்பிடுகிற ஆள். ரொட்டிக்கடைக்காரி கண்ணு, தபால்காரர் கண்ணு, ஓட்டின காலத்தில் டிராமில் ஏறினவன் இறங்கினவன் எல்லாரும் கண்ணு. கிளெனிஸ் மட்டும் மிஸஸ் ஹார்ட்ஷார்ன். முதலில் அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. பிறகு, அதை ஒருமுறை கேட்பதற்காகவே மாடிப்படி அடியில் சாவியைத் தேடுவதுபோல் நிற்க ஆரம்பித்தாள்.

இனி எழுதப்போவதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்தாள். மேலே அவர் முன்னால் வைத்த காலுக்கு, கீழே இவள் ஒரு காலைப் பின்னால் வைத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிளெனிஸின் சமையலறை நிஜமாகவே கோணல்தான்; திரும்பும் இடத்தில் இடுப்பு போய் ஃப்ரிட்ஜில் இடிக்கும், உள்ளே பாட்டில்கள் கலகலக்கும். அப்படியே ஐந்து வருஷம், நடுவில் ஒரு தளத்தை வைத்துக்கொண்டு, அவருக்கே தெரியாமல் அவரோடு ஆடினாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் ஓட்டினாள்.

4

அப்புறம் ஏன் விற்கிறாள்? டெர்பியிலிருக்கும் மகள் டாம்சினுக்கு இரட்டைப் பிள்ளைகள்.

"செப்டம்பர்ல நான் வேலைக்குப் போகணும்மா. எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு குட்டி வீடு சும்மாத்தானே கிடக்கு? நீ அங்க தனியா உக்காந்து சுவத்தப் பாத்துட்டு என்ன பண்ணப்போறே?"

சுவர் இல்லை, மேல்தளம் என்று சொல்லவா முடியும்? தவிர, அந்தப் பிள்ளைகளை நினைத்தால் அவளுக்குக் கை பரபரக்கும். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுத் தரகர் நஸ்ரீன் வந்து மேலே கேட்ட சத்தத்துக்குக் காதைக் கொடுத்தாள். "ஆறு மணிக்குள்ள எல்லாரையும் காட்டி அனுப்பிடலாம் கண்ணு. மேல ஆள் இருக்கறதே தெரிய வேணாம்." நாலு பேர் வந்தார்கள், நாலு பேரும் குப்பைத் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக ஒரு நர்ஸ். ராத்திரி வேலை; சாயங்காலம் ஏழு மணி வரை தூங்குகிறவள். தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: சத்தம் இருக்காதே? விடுமுறை நாளில், ஆறு மணிக்குத்தான் வர முடியும் என்றாள்.

கிளெனிஸ் ஏழு வருஷத்தில் முதல்முறையாக மேல்மாடிக் கதவைத் தட்டினாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வீடு பாக்க வராங்க. ஒரு நாள் மட்டும்..."

"விக்கறீங்களா?"

"வாசல்ல 'விற்பனைக்கு'ன்னு பலகை வெச்சு ரெண்டு மாசம் ஆச்சே."

"பாத்தேன். அடுத்த வீட்டுக்குன்னு நெனச்சேன்."

(நினைக்கவில்லை. பலகை அவர் காலில் தினமும் இடிக்கும் இடத்தில் இருந்தது.)

"சரி, மிஸஸ் ஹார்ட்ஷார்ன். நாளைக்கு ஆடல."

அவர் தோளுக்குப் பின்னால் அறை தெரிந்தது. ஒரே ஒரு நாற்காலி, மற்றபடி வெறும் பலகை. அதில் வட்டமாகத் தேய்ந்த ஒரு தடம். உள்ளே வாங்க என்பார் என்று கிளெனிஸ் அரை நிமிஷம் நின்றாள். அவரும் கதவைச் சாத்தாமல் நின்றார். பிறகு அவள் படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் நர்ஸ் வந்தாள். குழாயைத் திருகினாள், அலமாரியைத் திறந்தாள், அண்ணாந்து பார்த்தாள். "மேல யாரு?"

"டிராம் ஓட்டினவர். அமைதியான மனுஷன்."

அப்போது மேலே பலகை லேசாக முனகியது. ஷூ இல்லை, வெறும் சாக்ஸ் காலோடு. நர்ஸுக்குக் கேட்கவில்லை. கிளெனிஸுக்குக் கேட்டது. அவளுடைய வலது கால் தானாகப் பின்னால் போனது.

"கால் வலிக்குதா?" என்றாள் நர்ஸ்.

"ஆமாம்மா. மூட்டு."

நர்ஸுக்கு வீடு பிடித்துப்போய்விட்டது.

5

படிவம் வந்தது. பென்சிலால் 'ஆம்' போட்டாள், அழித்தாள். 'இல்லை' போட்டாள், அழித்தாள். கடைசியில் ரோலண்டைக் கீழே கூப்பிட்டு மேஜைமேல் வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"'இல்லை'ன்னு போடுங்க. நான் மூச்சு விட மாட்டேன். அந்தப் பொண்ணுக்காக வேணும்னா கம்பளத்தையும் வாங்கி விரிச்சுடறேன்."

எவ்வளவு நல்ல மனுஷன். கிளெனிஸுக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது.

"நமக்குள்ள ஒண்ணுமே நடக்கலைன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா?"

"தகராறு ஒண்ணும் இல்லையே நமக்குள்ள."

"அப்ப என்னதான் இருந்துச்சு, மிஸ்டர் என்ட்விசில்?"

ரோலண்ட் சொன்னார்—

ரோலண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு—

"போகாதீங்க," என்று ரோலண்ட்—

இப்படிப் பதினொரு பதில் எழுதி அடித்தேன். 'போகாதீங்க' என்று அவரைச் சொல்ல வைக்க எனக்குத்தான் ஆசை. பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவளை மறிக்கிற ஆள் இல்லை அவர். கடைசியில் அவருக்கு நான் கொடுத்த வரி இது. நிஜத்தில் சொன்னாரா, எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும் என்று ஆறு மாதமாக ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவர் எழுந்தார். கதவருகே போய், திரும்பாமலே கேட்டார்:

"திரும்பற எடத்துல எப்பவும் அரைக் கால் பிந்தறீங்க, மிஸஸ் ஹார்ட்ஷார்ன். ஃப்ரிட்ஜ் இடிக்குதோ?"

6

முடிவுக்கு வருவோம்.

'ஆம்' போடுகிறாள். நர்ஸ் விலகிவிடுகிறாள். டாம்சின் தொலைபேசியில் அழுகிறாள். பிள்ளைகள் பாட்டியைப் படத்தில் பார்த்து வளர்கிறார்கள். ஆறு மணிக்கு மேலே ஒருவர், கீழே ஒருத்தி. இப்போது இருவருக்கும் தெரியும். தெரிந்த பிறகு அவர்களால் முன்புபோல் ஆட முடியுமா?

'இல்லை' போடுகிறாள். டெர்பியில் ஒற்றைத் தளக் குட்டி வீடு. பிள்ளைகள் மடியில் புரளுகிறார்கள், அவள் சிரிக்கிறாள், நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறாள். ஆறு மணிக்குக் கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு மேலே பார்க்கிறாள். மேலே கூரை. கடையில் போய் மணியடிக்கும் சமையல் கடிகாரம் ஒன்று வாங்கிவருகிறாள்.

"இதெல்லாம் ஒரு முடிவா?" என்றாள் என் மனைவி. "அவள மேல போகச் சொல்லுங்க."

"போனாளே. கதவத் தட்டினாளே."

"உள்ள போகச் சொல்லுங்கங்கறேன்!"

எழுதிப் பார்த்தேன். ரோலண்ட் கையை நீட்டினார், கிளெனிஸ் அந்தக் கையை— அவ்வளவுதான், பேனா நின்றுவிட்டது. ஐந்து வருஷம் நடுவில் ஒரு தளத்தை வைத்துக்கொண்டு ஆடியவர்கள், அது இல்லாமல் எங்கே கால் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் ஆபீஸுக்கு வந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். இது மட்டும் நடந்தது. படிவத்தை என் பக்கம் தள்ளி, "கண்ணு, இத நீங்களே டிக் பண்ணிடுங்களேன்," என்றாள்.

"நாங்க போடக்கூடாதுங்க. விதி. உங்க கையாலதான் போடணும்."

"நான் எதைப் போட்டாலும் பொய்யா இருக்குமே," என்றாள். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். நான் அதற்கு மறுவாரம் விடுமுறையில் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்தக் கோப்பு வேறு மேஜைக்குப் போயிருந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அதனால் இந்தக் கதையிலும் நான் டிக் போட மாட்டேன். நீங்கள் எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கவில்லை. உங்களுக்கு அந்த விதி கிடையாது. பென்சில் வேண்டாம், மையால் போடுங்கள். சீக்கிரம் போடுங்கள், ஆறு மணி அடிக்க ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது. அவள் ஃப்ரிட்ஜைச் சுவரோரமாக அரை அடி தள்ளிவிட்டு, கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு, மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

2.1 இந்த வீடு பற்றியோ அண்டை வீடு பற்றியோ தகராறு, புகார் ஏதும் உண்டா?

☐ ஆம்  ☐ இல்லை