சாதாரணத் தேய்மானம்

இறந்துபோன மனைவியின் முகம் ஒரு செப்புக் காசில் வந்து சேர்ந்தபோது, காசுகளுக்குத் தரம் பார்க்கும் கணவன் அதற்கு எழுபதுக்கு எட்டுப் புள்ளி கொடுத்தான். எழுபது என்றால் அச்சிலிருந்து விழுந்தபடி யார் கையும் படாத காசு. இதில் காதுக்கு மேலே முடி மழுங்கியிருந்தது, கன்ன மேடு தட்டையாகியிருந்தது, மூக்கும் மோவாயும் மட்டும் பிடிவாதமாக நின்றன. கூடுதலாக ஒரு புள்ளி போட அவனுக்கு மனம் வரவில்லை. அவள் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. காசை அனுப்பிய சேகரிப்பாளர், தான் அனுப்பியது தாடி வைத்த மன்னர் என்று இரண்டு முறை போனில் சண்டை போட்டார். பிறகு, பெண் முகம் தன் தொகுப்பில் சேராது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

அலுவலகத்தில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு காசு கைக்கு வந்தால் அது எப்படிக் கெட்டது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கைபட்டுக் கெட்டது தேய்மானம். மேட்டில் தொடங்கும், வழவழவென்று இருக்கும். உலோகமே நோய்ப்பட்டுக் கெட்டது அரிப்பு. எங்கு வேண்டுமானாலும் தொடங்கும், நிற்காது. இந்த இரண்டையும் அவன் அலுவலகத்தில் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. வீட்டில் ஒருமுறை மாற்றிச் சொன்னான். கல்யாணமான மூன்றாம் வருடம் அவளுக்குக் கன்ன எலும்பு தெரியத் தொடங்கியது. மோதிரம் நழுவிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. “ஏங்க, நான் இளைச்சுக்கிட்டே போறேனா?” என்று கேட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் மோவாயைப் பிடித்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். “சாதாரணத் தேய்மானம்தான்,” என்றான். அவள் சிரித்தாள். வேலை, பஸ், சமையல், மறுபடி பஸ் என்று ஓடுகிறவள் தேயாமல் என்ன செய்வாள் என்று அவனும் நினைத்துக்கொண்டான். ஏழு மாதம் கழித்து மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, இத்தனை நாள் வீட்டில் யாரும் பார்க்கவில்லையா என்பது.

அதனால் காசை யார் கையும் படவிடக் கூடாது என்று முடிவு செய்தான். பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடுகிற இயந்திரத்துக்காரர், “மேல என்ன பேர் சார் போடறது?” என்றார். பேர் வேண்டாம் என்றான். “பேரில்லாத ராணி. நமக்கும் ஒட்டற வேலை மிச்சம்,” என்று அவர் நெம்புகோலை இறக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் வந்து அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பொண்ண டப்பாக்குள்ள அடைச்சு வெச்சிருக்கீங்க. ஒரே ஒரு தடவ தொட்டுக்கறேன், மாப்பிள்ளை.”

“கை பட்டா தேஞ்சிடும் அத்தை.”

“தேயறதுன்னா மட்டும் பளிச்சுன்னு தெரியுது உங்க கண்ணுக்கு.”

அவன் சொல்வதற்கு இருந்ததைத்தான் முன்பே சொல்லித் தொலைத்திருந்தான்.

அடுத்த மழைக்காலத்தில், மூடிய பெட்டிக்குள்ளேயே, காசில் அவள் கழுத்தருகே குண்டூசித் தலை அளவுக்குப் பச்சைப் புள்ளி ஒன்று பூத்தது. செம்பைப் பொடிப்பொடியாகத் தின்கிற பச்சை. இந்த முறை வந்த அன்றே பார்த்துவிட்டான். இதையும் விட்டால் மிச்சமிருப்பதும் போய்விடும். சுத்தம் செய்யக் கைவைத்த காசுக்குத் தரம் கிடையாது, பேசாமல் இருந்துவிடு என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவன் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, இடுக்கியால் பெட்டியை உடைத்தான். காசைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவைத்து நாற்பது நாள் தண்ணீர் மாற்றினான். மரக்குச்சியின் முனையால் பச்சையைத் துகள் துகளாக எடுத்தான். மாமியார் தினமும் சரியாக நாலு மணிக்கு வந்து, மருத்துவமனையில் பார்வையாளர் நேரத்துக்கு வருவதுபோல எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இன்னிக்கு எப்படி இருக்கா?”

“நேத்திக்கு இன்னிக்குப் பரவால்ல.”

நாற்பத்தொன்றாம் நாள் பச்சை நின்றுவிட்டது. கழுத்தில் ஒரு சின்னக் குழி மட்டும் தங்கியது. “பொழைச்சிட்டா அத்தை,” என்று சொல்லிவிட்டுப் புதுப் பெட்டி ஒன்றை எடுத்தான். மாமியார் உள்ளங்கையை நீட்டினார்.

“குடுங்க.”

“உங்க கையில இருந்தா பத்து வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாது.”

“மிஞ்ச வேணாம். கைபட்டுத் தேயறது நோய் இல்ல, மாப்பிள்ளை. அந்த வித்தியாசம் தெரிஞ்சவர்னுதானே உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க.”

கொடுத்துவிட்டான்.

மாமியார் காசைக் கையை விட்டு இறக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, டிவி பார்க்கும்போது, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசும்போது, வலது கட்டைவிரல் அந்த முகத்தின்மேல் போய் வந்தபடியே இருந்தது. இரண்டாம் வருடம் மோவாய் போனது. நாலாம் வருடம் மூக்கு. மாதம் ஒருமுறை அவன் போய்ப் பார்த்து என்னென்ன போயிற்று என்று சொல்வான். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டான், போவதை நிறுத்தவில்லை. ஒன்பதாம் வருடம் காசு இரண்டு பக்கமும் மொழுமொழுவென்று ஆகிவிட, மாமியார் அதைப் பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார்.

அந்த வருடம் அவருக்கு முழங்கால் வலி. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, இன்னும் இருக்கிறோம் என்று கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். அவன்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனான். குமாஸ்தா மாமியாரின் வலது கட்டைவிரலை மையில் உருட்டித் தாளில் அழுத்தினார். ரேகை விழவில்லை. அவன் மனைவியின் முகம் விழுந்தது. காதுக்கு மேலே ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. கன்னம் நிறைந்திருந்தது. கழுத்தில் குழி இல்லை. எங்கும் தேய்மானம் இல்லை. அவன் சட்டைப் பையில் லென்சைத் தேடினான். மாமியார் கட்டைவிரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டார். “நீங்க ஒண்ணும் பாத்துச் சொல்ல வேணாம்,” என்றார்.

குமாஸ்தா மை காய ஊதினார். பதிவு கட்டத்தைத் தாண்டவில்லை என்று சரிபார்த்தார். ‘உயிருடன் இருக்கிறார்’ என்ற முத்திரையை அதன் பக்கத்தில் குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.