நடுவில் இல்லாத பொட்டு

21-10-1961, சனி

முதலில் தவறை எழுதிவிடுகிறேன். நேற்று டாக்டரம்மா ராஜலக்ஷ்மியின் கறுப்புக் காருக்கு, முன்சக்கரங்களை நேராக்கும் அலைன்மெண்ட் வேலை செய்தபோது, ஸ்டியரிங்கின் நடு எது என்று நான் சரிபார்க்கவில்லை.

முன்சக்கரங்களைத் தொடுவதற்கு முன்பு ஸ்டியரிங்கை நேராக நிறுத்தி, கயிற்றால் சீட்டோடு கட்டிவிட வேண்டும். கட்டினேன். ஸ்டியரிங் வட்டத்தில் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இருந்தது. அது உச்சிக்கு வந்ததும் இதுதான் நேர் என்று எடுத்துக்கொண்டேன். வட்டத்தின் குறுக்கே ஓடும் இரண்டு ஆரக் கைகளைப் பார்க்கவே இல்லை. எங்கள் கராஜ் முதலாளி நோயல் சார் கோலார் போயிருந்தார். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டிப் பார்க்காமலே வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

டிரைவர் முனிராஜண்ணா தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். "வண்டி நேரா போவுது வேலு, ஸ்டேரிங் மட்டும் கோணிக்கிட்டு நிக்குதே?" என்றார். "ஓட ஓட செட்டாயிடும்ணா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கலாம்.

இன்று வேலை முடிந்து மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது அவர் கராஜ் வாசலில் நின்றார். சிரிக்கவில்லை.

"அம்மா பின்னால உக்காந்து பாத்துக்கினே வந்தாங்கப்பா. முனிராஜ், ரோடு நேரா இருக்கு, நீ ஏன் லெஃப்ட்ல திருப்பிக்கினே இருக்கேன்றாங்க. இல்லம்மான்றேன். கண்ணு போயிடுச்சு, வயசாயிடுச்சு, வீட்ல இருந்துக்கோன்னுட்டாங்க. திங்கக்கெழம ஒம்போது மணிக்கு புது டிரைவர் வரான்."

பதினோரு வருடம் ஓட்டியவர். நான் வகுப்புக்குப் போகவில்லை. பொட்டு எப்போது வைத்தது என்று கேட்டேன்.

"பூஜ அன்னிக்கு. வண்டி கேட்டுக்குள்ள திரும்பி நின்னுச்சு. அம்மா வெளிய நின்னு ஜன்னல்ல கைய வுட்டு, மேல எது தெரிஞ்சதோ அதுல வெச்சாங்க. ஏன்?"

சக்கரம் திரும்பியிருந்தபோது வைத்த பொட்டு. சொன்னேன். அதை நடு என்று எடுத்துக்கொண்டதையும் சொன்னேன்.

"சாமிக்கு வெச்ச பொட்டுப்பா அது. அத வெச்சா அளவெடுத்த?"

ஸ்டியரிங்கை மட்டும் கழற்றி நேராக மாட்டிவிடலாம். பத்து நிமிட வேலை. ஆனால் அப்போது வண்டி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். அதை நான் செய்யப்போவதில்லை. திங்கள் வரை வண்டி அவர் கையில்தான். நாளைக் காலை ஐந்தரைக்கு அதைக் கொண்டுவரச் சொன்னேன்.

22-10-1961, ஞாயிறு

மூடுபனி. கராஜ் கதவைத் திறந்தபோது எதிர்வீடு இல்லை. கார் விளக்குகள் இரண்டு முதலில் வந்தன, பிறகுதான் கார் வந்தது.

முன்சக்கரங்களை ஸ்டியரிங்கோடு இணைக்கும் கம்பிகள் இரண்டு, இடது ஒன்று, வலது ஒன்று. ஒன்றை எவ்வளவு நீட்டுகிறோமோ மற்றதை அவ்வளவு குறைத்தால், சக்கரங்களுக்கு இடையே உள்ள அளவு மாறாது. ஸ்டியரிங் மட்டும் இடம் மாறும். நோட்டில் மூன்று தடவை படம் போட்டுப் பார்த்தேன். இடதை அரைச் சுற்று நீட்டினேன், வலதை அரைச் சுற்று குறைத்தேன். அல்சூர் ஏரிப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம்.

கோணல் இரண்டு மடங்காகிவிட்டது.

"சபாஷ்! நேத்து ஒரு கண்ணு போச்சு, இன்னிக்கு ரெண்டும் போச்சு" என்றார் முனிராஜண்ணா.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். பிறகு யோசித்தேன். சரியாக இரண்டு மடங்கு என்றால் கணக்கு சரி, திசைதான் தப்பு. ஏரிக்கரையிலேயே ஜாக்கி போட்டு, ஈரத் தரையில் படுத்து, ஒவ்வொரு கம்பியையும் ஒரு முழுச் சுற்று எதிர்ப்பக்கம் திருப்பினேன். அரைச் சுற்று தப்பைத் திருத்த, அரைச் சுற்று கோணலைத் திருத்த. நட்டுகளை இறுக்கினேன். இறுக்கினேனா என்று மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

வண்டி கிளம்பியது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை மட்டும். மரங்கள் ஒவ்வொன்றாக யாரோ பென்சிலால் வரைவதுபோல வந்தன, உடனே அழிந்தன. நாங்கள் ஓர் இடத்தில் நிற்கிறோம், பெங்களூர்தான் எங்களுக்கு அடியில் மெதுவாக நகர்கிறது என்று தோன்றியது. தண்ணீர் எந்தப் பக்கம், சாலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பால்காரரின் சைக்கிள் மணி எங்கோ மேலேயிருந்து கேட்டது.

முனிராஜண்ணா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் ஆரக் கைகள் தராசுத் தட்டுகளைப்போல ஒரே மட்டத்தில் நின்றன. யாரும் ஓட்டாத வண்டி வெள்ளைக்குள் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அதில் இன்னும் வெகுதூரம் போகலாம்போல இருந்தது. எனக்குப் பயமே வரவில்லை. அது எனக்கு அபூர்வம்.

ஏரி முடியுமிடத்தில் பிரேக் போட்டார்.

"சரியாயிடுச்சுப்பா."

"அப்போ அம்மாகிட்ட காட்டுங்கண்ணா."

"நான் போயி, ஸ்டேரிங்தாம்மா கோணலு, என் கண்ணு இல்லன்னா நம்புவாங்களா? இன்னிக்கு நேராயிருந்தா, நேத்தும் நேராதான் இருந்துச்சும்பாங்க."

அது உண்மை. ஸ்டியரிங் நேராகிவிட்டதால், அவர் பக்கம் இருந்த சாட்சியும் போய்விட்டது. இனி அது கோணலாக இருந்தது என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். சொன்னால் டாக்டரம்மா நோயல் சாரிடம் சொல்வார். நோயல் சார் என்னை வைத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை. இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு வழி தோன்றவில்லை.

நாளை திங்கள். காலை எட்டு மணிக்கு, புது டிரைவர் வருவதற்குள், பிரேசர் டவுனில் டாக்டரம்மா வீட்டுக்குப் போக வேண்டும். தப்பாக வைத்தது நான் என்று சொல்லவேண்டும். சாட்சிக்குப் படம் போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும்.