உப்புப் பார்க்கும் குழு

எங்கள் குழுவில் யாருக்கும் யாரையும் குறை சொல்ல வாய் வராது. அதுதான் எங்கள் பெரிய குறை.

2007இல் மாத்தளை டவுனில், மஸூதா கணினி வகுப்பு நடத்தும் அறையில் ஞாயிறுதோறும் கூடுவோம். வாசிகசாலைகளில் புத்தக இரவலைப் பதியும் மென்பொருள் ஒன்றைச் சம்பளமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தோம். திறந்த மூலம் என்பதால் யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். இருவர் சரிபார்த்த பிறகே சேர்ப்போம். அதை ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு.

சரிபார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். எல்கடுவயிலிருந்து பஸ்ஸில் வரும் அழகமுத்து எதை அனுப்பினாலும் "நல்லா இருக்கு அண்ணன்" என்று எழுதிவிட்டு மற்றவர்கள் தேநீர் குடித்தார்கள். விளைவு, நான் வேலை செய்யும் வாசிகசாலையில், தலைவர் விஜயரத்தினத்தின் கண்முன்னே திரை உறைந்து நின்றது.

"இன்னொருக்கா இப்பிடி நிண்டா, இது வேண்டாம் பிள்ளை," என்றார்.

இரண்டு வருட உழைப்பு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடுத்த ஞாயிறு கத்தினேன்.

"பார்த்தீங்களா, பார்க்காமலே விட்டீங்களா?"

"பாத்தேன் அக்கா," என்றாள் மஸூதா. "பிழை இருந்திச்சு. அவ்வளவு தூரம் வாற மனுசன்கிட்ட எப்பிடிச் சொல்றது?"

"ஐயோ, சொல்லியிருக்கலாமே தங்கச்சி!" என்றார் அழகமுத்து.

"கலியாண வீட்டுல உப்புப் பார்க்கக் கூப்பிட்டா, உள்ளங்கையில வாங்கி நக்கிப் பாத்துட்டு 'பத்தாது'ன்னு சொல்றோமே, சமையல்காரர் கோவிச்சுக்கிறாரா?" என்றேன். "சொல்லாம விட்டாத்தானே பந்தியில அவரு மானம் போகும்!"

அன்றிலிருந்து "நல்லா இருக்கு" மட்டும் போதாது, என்ன செய்து பார்த்தோம் என்றும் எழுத வேண்டும் என்று வைத்தோம்.

முதலில் மாட்டியது நான்தான். தலைவருக்கு மறுபடி காட்டுவதற்கு முதல் நாள், நான் அனுப்பிய திருத்தத்தைப் பற்றி, எல்லோரும் படிக்கும் மின்னஞ்சலில் மஸூதா எழுதியிருந்தாள்: "இதைச் சேர்க்க முடியாது அக்கா. ஒரே புத்தகத்தை ரெண்டு பேருக்குக் குடுத்துப் பார்த்தேன். நின்னுபோகுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏசிப் பதில் எழுதினேன். அனுப்புமுன், அவள் சொன்னபடி செய்து பார்த்தேன். நின்றேதான் போனது. ஏச்சை அழித்தேன், பிழையைத் திருத்தினேன், மஸூதாவும் அழகமுத்துவும் பார்த்துச் சரி என்றார்கள்.

மறுநாள் தலைவர் வம்புக்கென்றே ஒரே புத்தகத்தைத் தன் பெயரிலும் மனைவி தங்கேஸ்வரியின் பெயரிலும் பதிந்தார். புத்தகம் ஏற்கெனவே இரவலில் இருக்கிறது என்று திரை காட்டியது.

"பரவாயில்லையே," என்றார். "வைச்சுக்கொள்ளுவம்."

சந்தோஷம் தாளாமல் அங்கிருந்தே மஸூதாவுக்குப் போன் எடுத்தேன். நான் வாயைத் திறக்குமுன், "அக்கா, கோவமா? ராவெல்லாம் தூக்கமே வரல்ல," என்றாள்.

அவ்வளவு பயத்தோடும் சொல்லியிருக்கிறாள்.