வயர் பூட்டாத ஒக்ரபாட்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. வேலை முடிந்து பார்க் எக்ஸ்டென்ஷனுக்குத் திரும்பும் காலை பஸ்ஸில் வின்சன்ட் சொன்னது. இருவருக்கும் ஒரே குளிர்க்கிடங்கில் இரவு வேலை. அவர் சொல்லி முடிக்கவில்லை. அவருடைய தரிப்பு வந்தது, இறங்கிப் போய்விட்டார். மறுநாள் மிச்சத்தைக் கேட்டேன். "விடடாப்பா" என்றார். விட முடியாமல் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: மொன்றியலில் பனி பொழிந்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், கலைஞன் ஒருவனின் உள்ளத்தில்

இல்லை. இந்த ஊரில் பனி பொழிவது ஒரு செய்தியா? கலைஞன் என்று நேரில் சொன்னால் வின்சன்ட் சிரிப்பார்.

இரண்டாவது: யோகேந்திரன் அண்ணையின் அழைப்பு வந்தபோது வின்சன்ட் பகல் தூக்கத்தில் இருந்தார்.

இது பரவாயில்லை. இதிலேயே போவோம்.

யோகேந்திரன் 'சாகரம்' இசைக்குழுவின் தலைவர், கீபோர்ட்காரர். கலியாணம், சாமத்திய வீடு, கலைவிழா எல்லாவற்றுக்கும் போகிற குழு. ஒத்திகை ரொக்ஸ்பரோவில், அவர் வீட்டு பேஸ்மென்டில். அதில் வின்சன்ட் பல வருடங்கள் ஒக்ரபாட்* அடித்தார். ஒவ்வொரு ஒத்திகையையும் யோகேந்திரன் பதிந்துவைத்தார். "பழகிப் பாக்கத்தான்" என்றார். போதிய பதிவுகள் சேர்ந்ததும் வின்சன்டைக் கூப்பிடுவது நின்றுபோனது. தாளம் லப்டொப்பிலிருந்து வரத் தொடங்கியது. அடிப்பது வின்சன்ட்தான், ஆள் தேவைப்படவில்லை.

[கடைசி வசனத்தை வெட்ட நினைத்தேன். கொஞ்சம் கெட்டித்தனம் காட்டுகிறது. நடந்தது அதுதான் என்பதால் கிடக்கட்டும்.]

"இண்டைக்கு பியர்பொன்ட்ஸில ஒரு கலியாணம். வாறியோ?"

"ஓம் அண்ணை, வாறன்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. குச்சிகளைத் துணியில் சுற்றி எடுத்தார். நீண்ட பஸ் பயணம் முழுக்கத் தொடையில் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். கை மறக்கவில்லை.

* தட்டினால் தபேலாவாகவும் டோலக்காகவும் கேட்கிற மின்பலகை. வயர் பூட்டாவிட்டால் வெறும் றப்பர்.

3

மேடையில் ஒக்ரபாட் தயாராக நின்றது. வின்சன்ட் அதன் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணை, வயர் எங்க?"

"வயர் வேண்டாம்."

"பேந்தெப்பிடிச் சத்தம் வரும்?"

"சத்தம் லப்டொப்பில வரும். பொம்பிளை வீட்டுக்காரர் முழு பாண்டும் வேணுமெண்டு ஒற்றைக்காலில நிக்கினம். மேடையில ஆள் காணாட்டி முகம் சுழிப்பினம். நீ சும்மா கையை ஆட்டு."

"அதுக்கு உங்கட மச்சானை நிப்பாட்டலாமே?"

"அவன் ஆட்டினா சாப்பாட்டில இலையான் கலைக்கிற மாதிரி இருக்கும்." யோகேந்திரன் குரலைத் தணித்தார். "இஞ்ச பார், இண்டைக்கு நிண்டா இனி எல்லா நிகழ்ச்சிக்கும் நீதான். இல்லாட்டி வேற ஆள் பாக்கிறன். யோசிச்சுச் சொல்லு."

[யோகேந்திரனைக் கெட்டவராக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால், "பசியோட வந்திருப்பாய்" என்று முதல் தட்டு ரோல்ஸைத் தனக்குத்தான் கொண்டுவந்து தந்ததாக வின்சன்டே சொன்னார். என்ன செய்ய?]

4

சிக்கல் ஒரு பாட்டில் இருந்தது, கேக் வெட்டும்போது போடுகிற பாட்டு. இரண்டாம் சரணத்துக்கு முன் எல்லா வாத்தியங்களும் நிற்கும். பிறகு ஒக்ரபாட் அடி தனியாக விழ வேண்டும். அந்தப் பாட்டைப் பதிந்த ஒத்திகையன்று அந்த மௌனத்தில் பேஸ்மென்ட் ஹீற்றர் 'டும்' என்று தொடங்கியது. அதைத் தாளமென்று எடுத்து வின்சன்ட் முந்தி அடித்துவிட்டார். திரும்ப எடுப்போம் என்று கெஞ்சினார். "ஆருக்குத் தெரியப்போகுது" என்றார் யோகேந்திரன்.

லப்டொப்பில் இருப்பது அந்தப் பதிவுதான். இப்போது மேடையில் நின்றால் கையும் முந்தி விழ வேண்டும். தன் பிழையைத் தானே நடிக்க வேண்டும்.

பாடகி லக்சனா இங்கே பிறந்தவள். தமிழ்ப் பாட்டு வரிகளைப் பிரெஞ்சு எழுத்தில் போனில் வைத்திருப்பவள். வின்சன்ட் அவளிடம் போனார்.

"பிள்ளை, அந்த இடத்தில தாளம் முந்துது, கவனிச்சனீரோ?"

"டக் எண்டு வருமே, அதுவா அங்கிள்? அதைக் கேட்டுத்தானே நான் மூச்செடுக்கிறனான்."

"அது பிழை."

"பிழையா? ஐயோ, மாத்திப் போடாதேங்கோ. சரியா வந்தா எனக்குப் பாட்டு விட்டுப்போகும்."

வின்சன்ட் துணியை அவிழ்த்துக் குச்சிகளைப் பார்த்தார். கேக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யோகேந்திரன் கீபோர்டிலிருந்து அவரைப் பார்த்தார்.

இந்த இடத்தில்தான் எங்கள் பஸ் அவருடைய தரிப்பில் நின்றது.

5

முடிவு ஒன்று. அவர் மேடையில் நின்றார். மௌனம் வந்தது. அங்கே இல்லாத ஹீற்றரைக் காதில் வாங்கி, வேண்டுமென்றே முந்தினார். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும்

(இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

முடிவு இரண்டு. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார். பஸ் தரிப்பில் நின்றார். உள்ளே அவர் அடித்துக்கொண்டிருந்தார்.

முடிவு மூன்று. எனக்குப் பிடித்தது. மேசைக்கடியில் ஒரு வயர் கிடந்தது. எடுத்துப் பூட்டினார். சரியான இடத்தில் அடித்தார். சபைக்கு இரண்டு அடிகள் கேட்டன, முதலில் பதிவின் பிழை, அடுத்து சரி. பிந்தி அடித்தவன்தான் பிழைவிட்டவன் என்று சனம் நினைத்தது. லக்சனா தடுமாறினாள்.

6

அந்தக் கலியாண வீடியோவை இணையத்தில் தேடிப் பிடித்தேன். கமெரா கேக்கைவிட்டு நகரவில்லை. மேடை ஒரு கணமும் தெரியவில்லை. பாட்டு நிற்கிறது. பிறகு ஓர் அடி, முந்தி. ஒன்றே ஒன்று. லக்சனா மூச்செடுத்துப் பாடுகிறாள்.

ஆகவே மூன்றாவது முடிவு செத்தது. மற்ற இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான்.

வின்சன்ட் சனிக்கிழமைகளில் கிடங்குக்கு வருவதில்லை என்பதை முதல் முடிவுக்குத் துப்பாகச் சொல்லலாம். குழுவிலிருந்து நின்ற பிறகும் அவர் அந்த நாளை லீவாகவே வைத்திருந்தார். அது எதையும் நிரூபிக்காது.

இனி அவரிடம் கேட்கமாட்டேன். றப்பர் பலகைக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது, பஸ் தரிப்பில் ஓர் இடம் இருக்கிறது. எங்காவது அவரை நீங்கள் நிறுத்துங்கள். எங்கே நிறுத்தினாலும் அடி முந்தித்தான் விழும்.